மோட்டார் நோட்டீஸில் ஒரு கை

நரிக்கல் தோட்ட ஆஸ்பத்திரி,
கொஸ்லாந்தை.
9 பெப்ரவரி 1920

நண்பர் ஸஹாப்தீன் அறிய,

பண்டாரவளையில் நீர் மோட்டார் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறீராமே. சந்தோஷம். பதுளைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவன் டிஸ்பென்சர், மற்றவன் மோட்டார் முதலாளி. அந்த வாங்குக்கே பெருமை. அந்த உரிமையில்தான், வேறு யாரும் உம்மிடம் சொல்லத் துணியாததை நான் சொல்கிறேன்.

நேற்று எங்கள் பாலத்துச் சுவரில் உமது நோட்டீஸைப் பார்த்தேன். 'பண்டாரவளை ஸ்டேஷனிலிருந்து பதுளைக்கும் சகல தோட்டங்களுக்கும் மோட்டார்' என்ற எழுத்தில் குறையில்லை. மோட்டாருக்கு நான்கு சக்கரம் போட்டிருக்கிறீர், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிருள்ளவற்றை வரைந்த அந்தப் பாவி யார்?

முதலில் டிரைவர். அவனுடைய இடது கையில் பெருவிரல் வெளிப்பக்கம் இருக்கிறது. அதாவது இடது தோளில் வலது கை முளைத்திருக்கிறது. விரல்களை எண்ணினேன். பெருவிரலைச் சேர்க்காமல் ஐந்து. அடுத்தது பின்னால் அமர்ந்திருக்கும் துரைசாணி. மனுஷருக்குக் கழுத்தில் ஏழு எலும்பு, ஒட்டகத்துக்கும் அதே ஏழுதான். உமது துரைசாணிக்கு இருபதுக்குக் குறையாது. காது தாடைக்குக் கீழே தொங்குகிறது. அவளிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் தொண்டையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மோட்டார் வந்ததால் வேலை போன குதிரை ஒன்று ஓரத்தில் நின்று அழுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் அதன் பின்கால் மனுஷன் முழங்கால் மாதிரி முன்னுக்கு மடங்குகிறது. அப்படியொரு கால் வாய்த்த குதிரை மோட்டார் வருவதற்கு முன்பே அழுதிருக்கும்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். அந்தத் தேயிலைக் கொழுந்துக்காரியின் கையை மன்னிக்க முடியாது. வழியோரம் நின்று மோட்டாரைச் சுட்டிக்காட்டுகிறாளே, அவளுடைய இடது கை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பு, ரயில் தண்டவாளம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போக வேண்டும். உமது ஆள் இரண்டையும் பின்னி முடிச்சுப் போட்டிருக்கிறான். முன்கை வெளிப்பக்கம் வளைந்து, நடுவில் புடைத்து, உள்ளங்கை பின்னால் திரும்பி, மணிக்கட்டு செத்த கோழியின் கழுத்து மாதிரித் தொங்குகிறது. போதாக்குறைக்குக் கொழுந்துக் கூடையை இடுப்பில் வைத்திருக்கிறாள். முதுகில் தொங்க வேண்டிய கூடை எந்த ஊரில் ஐயா இடுப்பில் இருக்கிறது?

எனக்கு இங்கே நேரில் இருக்கும் கைகளின் தொல்லையே போதும். கனகம் என்று ஒரு கொழுந்துக்காரி, புருஷன் செத்தவள், கைக்குழந்தைக்காரி. சென்ற ஐப்பசி மழையில் மலைச்சரிவில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். நானே எலும்பைப் பொருத்திக் கட்டினேன், முதல்தரக் கட்டு. இப்போது கை வரவில்லை என்று பாலத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். சோம்பேறித்தனம். தோட்டத்துத் துரை கேட்டார், 'கை பூரண சுகம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

படத்தைக் கழற்றிவிடும். உமது நன்மைக்காகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ப. சண்முகராஜா, டிஸ்பென்சர்


பண்டாரவளை,
14 பெப்ரவரி 1920

டாக்டர் சண்முகராஜாவுக்கு,

(டாக்டர் என்று போட்டால்தானே நீர் உறையைப் பிரிப்பீர். கொழும்பில் இரண்டு வருஷம் போத்தல் கழுவியவருக்கு அதுகூடக் கொடுக்காவிட்டால் எப்படி?)

நீர் எனக்கு எழுதியது சரி. அதையே பிரதி எடுத்துப் பதுளையில் உமது சிற்றப்பா மகன் வீரசிங்கத்தின் கடைக்கு ஏன் அனுப்பினீர்? அங்கே வந்து போகிறவர்களுக்கெல்லாம் அவர் அதை உரக்கப் படித்துக் காட்டுகிறாராம். நேற்று ஒரு ரோட்டு ஓவர்சியர் வாடகைக்கு ஏறினார். ஏறியதும் என் டிரைவரின் கையைப் பிடித்து விரல்களை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "ஆறு இல்லையே, அப்ப இந்த மோட்டார் வேணாம்" என்று இறங்கிவிட்டார். பஜாரே விழுந்து விழுந்து சிரிக்கிறது. இரவல் வாங்கியாவது சிரிக்கிற ஊர் இது, நீர் இலவசமாகவே அள்ளிக் கொடுத்திருக்கிறீர்.

வரைந்த பாவி வேறு யாருமில்லை, என் மனைவி ஜெனீராவின் தம்பி அலவி. அவனுடைய முதல் படம். கடைப் பலகையில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தவனை நான்தான் இதில் இழுத்துவிட்டேன். உமது கடிதம் வந்த நாளிலிருந்து அவன் சோற்றில் கை வைக்கவில்லை. ஜெனீரா அடுப்பங்கரையில் அழுகிறாள், அந்த அழுகையும் என் காதில்தான் விழுகிறது.

குற்றம் இல்லை என்று நான் சொல்லவில்லை. டிரைவரின் கைக்குத் தன் கையையே கண்ணாடியில் பார்த்து வரைந்தான், அது மாறிப்போயிற்று. துரைசாணியை ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்தான், டின் நசுங்கியிருந்தது. குதிரைக்குப் பக்கத்தில் போக அவனுக்குப் பயம். ஆனால் அந்தக் கொழுந்துக்காரி மட்டும் நேரில் பார்த்து வரைந்தது. வெயிலில் நிற்க வைத்து, கோடு பிசகாமல் வரைந்தேன் மச்சான் என்று குர்ஆன் மேல் சத்தியம் பண்ணுகிறான். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவன் சரியாகப் போட்ட ஒன்றைப் பிடித்துத்தான் நீர் குதறியிருக்கிறீர்.

தலைவலிக்கும் விளக்கெண்ணெய், வயிற்றுக் கடுப்புக்கும் விளக்கெண்ணெய், பிரசவத்துக்கும் அதே போத்தல். அந்தப் போத்தலோடு உமது வைத்தியம் முடிந்தது. படத்துக்கு வைத்தியம் பார்க்க உம்மை யாரும் அழைக்கவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஸஹாப்தீன்


நரிக்கல் தோட்டம்,
20 பெப்ரவரி 1920

ஸஹாப்தீன் முதலாளிக்கு,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருக்க நான் உமது டிரைவரா?

கண்ணாடிக் கதையை ரசித்தேன். பிஸ்கட் டின் அதைவிட நன்றாக இருந்தது. வீரசிங்கத்துக்கு அதையும் அனுப்பியிருக்கிறேன். ஆனால் நேரில் பார்த்து வரைந்தான் என்பது மட்டும் அப்பட்டமான பொய். உமது மச்சினன் குர்ஆன் மேல் கை வைத்தபோது எந்தக் கையை வைத்தான் என்று விசாரியும், கண்ணாடியில் பார்த்து மாற்றி வைத்திருப்பான். அப்படியொரு கை மனுஷ ஜாதியில் இல்லை. இருந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு வாரும், என் மருந்துப் பெட்டியை உமது கடை வாசலில் போட்டு உடைக்கிறேன். கண் சரியில்லாத ஒருவன் வாத்தியார் வேலைக்குப் போகலாம், பூசாரியாகலாம். படம் போடக் கூடாது. அலவிக்கு இதை என் மருந்துச்சீட்டாகவே கொடும்.

நோட்டீஸை எங்கள் துரைக்கும் காட்டினேன். மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கனகத்தின் தொல்லை முற்றிவிட்டது. பெரட்டுக் களத்தில், எல்லா ஆளும் கூடி நிற்கும்போது, "கையி வரலீங்க தொரை, தேயில பொறுக்குற வேலயாச்சும் குடுங்க" என்று துரையின் காலில் விழுந்திருக்கிறாள். மாதக் கடைசியில் தானே விசாரிப்பதாகத் துரை சொல்லிவிட்டார். என்ன விசாரணை? நான் சுகம் என்று எழுதிவிட்டேன். கை சுகமாயிருந்தும் கொழுந்து குறைகிறது என்றால் அது கள்ளம். கள்ளத்துக்கு மருந்து அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி. பசி எடுத்தால் கை தானாக வரும்.

இதிலும் அவளுக்கு நான் நல்லதுதான் செய்திருக்கிறேன். இந்தத் தோட்டத்தில் வேலைக்கு ஆகாத ஆளுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா கிடையாது. நான் சுகம் என்று எழுதியதால்தான் அவள் பெயர் செக்ரோல் புத்தகத்தில் நிற்கிறது. நன்றி கெட்டவள் அதை அறிவாளா?

ப. சண்முகராஜா


பண்டாரவளை,
1 மார்ச் 1920

மதிப்புக்குரிய டிஸ்பென்சர் ஐயா அவர்களுக்கு,

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று அலவியைக் கூட்டிக்கொண்டு நானே உங்கள் தோட்டத்துப் பாலம் வரை வந்தேன். அவன் எங்கே நின்று வரைந்தான் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தேன். தாங்கள் அந்தக் கையைப்பற்றி எழுதியது எவ்வளவு உண்மை என்று அப்போதுதான் விளங்கிற்று. ஒரு வரி கூடத் தப்பில்லை.

நோட்டீஸை மறுபடி அச்சடிக்கப் போகிறோம். அச்சுக்கூடத்துப் பறங்கியர் தமிழில் எழுதினால் மதிக்கமாட்டார். அந்தக் கையில் என்ன என்ன பிழை, அது எப்படி உண்டாயிருக்கும், அப்படிப்பட்ட கையால் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்று தங்களுடைய நல்ல இங்கிலீஷில் ஒரு கடுதாசி வேண்டும். கீழே கையெழுத்தும் உத்தியோகமும் தோட்டத்து முத்திரையும் இருந்தால் மறுபேச்சு இருக்காது. டிரைவர், குதிரை, துரைசாணி எதுவும் வேண்டாம். கை மட்டும் போதும்.

படித்தவர் ஒருவர் நமக்குத் தெரிந்தவராக இருப்பது எவ்வளவு பாக்கியம் என்று ஜெனீராவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பணிவுடன்,
ஸஹாப்தீன்


நரிக்கல் தோட்டம்,
5 மார்ச் 1920

அன்பு நண்பர் ஸஹாப்தீனுக்கு,

இதுதான் மனுஷத்தன்மை. பிழையை ஒப்புக்கொள்கிறவனிடம் எனக்கு ஒரு வன்மமும் இல்லை. வீரசிங்கத்திடம் இனிப் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். (எல்லோரும் கேட்டாகிவிட்டது.)

நீர் கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து, கொழும்பிலிருந்து கொண்டுவந்த எலும்புப் படப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். உமக்கு இங்கிலீஷ் ஓடாது, ஆகையால் சாரத்தைச் சொல்கிறேன்.

இந்தக் கை பிறவியில் இப்படி இருக்க முடியாது. முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது. முறிந்த முனைகளை ஒன்றுக்கொன்று நேராக நிறுத்தாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறவிட்டு, மேலே துணியைச் சுற்றியிருக்கிறான் ஒரு முட்டாள். பலகைக் கட்டைக் காலத்துக்கு முன்பே கழற்றியிருக்கிறான். கழற்றிய பிறகு ஒரு நாளாவது அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். இந்தக் கைக்காரியால் இந்த ஜன்மத்தில் ஒரு கொழுந்து கிள்ள முடியாது. கொழுந்து என்ன கொழுந்து, தன் மூக்கைத் துடைக்க முடியாது. ஆகவே இவளைக் கொழுந்துக்காரி என்று படம் போட்டது வைத்திய சாஸ்திரத்துக்கே அவமானம்.

எப்படி? இதில் கடைசி வரியைத் துரையிடம் படித்துக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். தற்பெருமையாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

கனகத்தின் விசாரணை துரைக்கு வேலை அதிகமானதால் தள்ளிப் போயிருக்கிறது. பதினைந்தாம் தேதி நடக்கும்.

உமது,
ப. சண்முகராஜா, டிஸ்பென்சர்


பண்டாரவளை,
13 மார்ச் 1920

அடே சண்முகராஜா,

இன்றைக்கு எனக்குப் பெருநாள்.

உமது துரை கொழும்பிலிருந்து நேற்று ரயிலில் வந்து இறங்கினார். நரிக்கல்லுக்கு என் மோட்டாரில்தான் ஏறினார். நானே முன்னால் உட்கார்ந்துகொண்டேன். பாதி வழியில் உமது கடுதாசியையும் எங்கள் நோட்டீஸையும் அவர் கையில் கொடுத்தேன். மனுஷர் படித்தார். சிரித்தார். மறுபடி படித்தார். "இந்தக் கை யாருடையது?" என்று கேட்டார். பாலத்தடியில் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன்.

அங்கே உட்கார்ந்திருந்தாள், உமது கனகம்.

அதுதான் ஐயா அந்தக் கை. கோணலும் அதுதான், புடைப்பும் அதுதான், செத்த கோழிக் கழுத்தும் அதுதான். அலவி அந்த வழியாக வந்தபோது, படத்துக்குக் கையை நீட்டி நிற்க முடியுமா என்று கேட்டிருக்கிறான். வலது இடுப்பில் பிள்ளை புஷ்பம் தூங்கிக்கொண்டிருந்ததால் உடைந்த கையைத்தான் அவள் நீட்ட வேண்டியிருந்தது. பிள்ளை வேண்டாமென்று அலவி அதைக் கூடையாக்கினான். கூடை எப்படி இடுப்புக்கு வந்தது என்று இப்போது விளங்குகிறதா?

மனுஷ ஜாதியிலேயே இல்லாத கையை நீரே செய்திருக்கிறீர். கட்டுப் பிரித்த நாளிலிருந்து அதை நீர் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பீர்? ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்து நாக்கை நீட்டச் சொல்லி, போத்தலை நீட்டி அனுப்புகிறவர் அல்லவா நீர். சுவரில் ஒட்டிய படத்துக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொள்வீர், ஆளுக்கு வாயில்தான் விடுவீர். 'துணியைச் சுற்றியிருக்கிறான் ஒரு முட்டாள்.' உமது இங்கிலீஷ், உமது கையெழுத்து, தோட்டத்து முத்திரை. அலவி அதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்கிறான். அது வந்த நாளிலிருந்து மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறான்.

கனகத்திடம் நான் எதையும் சொல்லவில்லை. மோட்டாரைக் கண்டு எழுந்து நின்றாள். பயந்த சுபாவம். பதினைந்தாம் தேதி தானாகத் தெரிந்துகொள்ளட்டும். அரைப் பேர் போய் முழுப் பேர் கிடைக்கும்போது யாருக்கு துஆ கேட்பது என்று அவளுக்கே விளங்கும்.

மருந்துப் பெட்டியை எப்போது கொண்டுவருகிறீர்? கடை வாசலைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

ஸஹாப்தீன்


நரிக்கல் தோட்டம்,
20 மார்ச் 1920

ஸஹாப்தீன் முதலாளி,

விசாரணை நடந்தது. உமக்கு ஆவலாக இருக்கும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெரட்டுக் களத்தில் எல்லா ஆளும் நிற்க, துரை உமது நோட்டீஸை ஒரு மரத்தில் குத்தச் சொன்னார். பக்கத்தில் கனகத்தை நிறுத்தி, கையை நீட்டச் சொன்னார். நீட்டினாள். துரை தன் பிரம்பால் படத்துக் கையையும் அவள் கையையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். கங்காணிமார் சிரித்தார்கள். எல்லோரும் சிரிப்பதால் நல்ல காலம் என்று நினைத்து அவளும் சிரித்தாள். பிறகு என் கடுதாசியைத் துரை உரக்கப் படித்தார். முட்டாள் என்ற இடம் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று, இல்லை என்று சொல்லவில்லை. உமக்கு வேண்டியது அதுதானே, எடுத்துக்கொள்ளும்.

இனிமேல் நடந்ததையும் எடுத்துக்கொள்ளும்.

துரை என்னைக் கேட்டார், "நீ எழுதினது சரியா?" சரி என்றேன். என் சாஸ்திரத்தை நானே எப்படி மறுப்பது? "அப்போ இவ கள்ளம் பண்ணல்லே?" பண்ணவில்லை என்றேன். கனகம் கும்பிட்டாள், நல்ல கை ஒன்றை மட்டும் நெஞ்சில் வைத்து. துரை தன் தோட்டத் தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "கள்ளம் இல்லே. நல்ல பொம்பளே. ஆனா கையி இல்லே. கையி இல்லாட்டி கொழுந்து இல்லே. கொழுந்து இல்லாட்டி பேர் இல்லே, பேர் இல்லாட்டி காம்பரா இல்லே." அங்கேயே செக்ரோலில் அவள் பெயரை வெட்டி, வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டை எழுதிக் கொடுத்தார். தேயிலை பொறுக்கும் வேலைக்கும் இரண்டு கை வேண்டும் என்று தேயிலை ஸ்டோரைப் பார்க்கிற ஐயா சொல்லிவிட்டார். ஒரு தோட்டம் தள்ளிவிட்ட ஆளை வேறு எந்தத் தோட்டமும் எடுக்காது, ஆகவே கடல் தாண்டி அக்கரைக்கு, இந்தியாவுக்கு, அனுப்புவது என்று ஏற்பாடு. அவளுக்கு அக்கரையில் ஒருவரும் இல்லை. பிறந்ததே இந்த லயத்தில்தான்.

என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சம்பளத்துக்கு வேறு டிஸ்பென்சர் எங்கே கிடைப்பான் என்று துரைக்குத் தெரியும்.

என் இரண்டாம் கடிதத்தை எடுத்துப் படியும். நான் சுகம் என்று எழுதியதால்தான் அவள் பெயர் நிற்கிறது என்று தமிழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துக்கொண்டே நீர் சிரித்திருப்பீர். அரைப் பேரில் அவள் அரை வயிறாவது சாப்பிட்டாள், மழைக்கு ஒதுங்கத் தகரமாவது இருந்தது. உமது மச்சினனின் மானத்துக்காக அதையும் பிடுங்கினீர். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீரா? பயந்த சுபாவமாமே.

ப. சண்முகராஜா, டிஸ்பென்சர்


பண்டாரவளை,
26 மார்ச் 1920, பகல்

சண்முகராஜா,

இதைத் தபாலில் போடவில்லை. டிரைவரிடம் கொடுத்து மோட்டாரிலேயே அனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை அவன் உமது வாசலில் நிற்பான். பதிலை அவனிடம் கொடும்.

இன்று காலை உங்கள் தோட்டத்து மாட்டு வண்டி கனகத்தை ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போயிற்று. ஒரு மூட்டை, இடுப்பில் பிள்ளை. ஸ்டேஷன் சுவரிலும் என் கடை முகப்பிலும் அந்த நோட்டீஸ்தான். அவள் சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். பார்த்தாள். பிறகு அந்தக் கையைத் தூக்கிப் படத்துக் கையோடு சேர்த்து வைத்தாள். ஆட்கள் கூடிவிட்டார்கள். "அச்சா அதேதான்டா" என்று ஒருவன் கத்தினான். அலவி என் பக்கத்தில் நின்றான். பெருமைப்பட்டுக்கொண்டானா, வெட்கப்பட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் உள்ளே போய்விட்டான்.

மோட்டார் முதலாளி யார் என்று யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் நேரே கடைப்படிக்கு வந்தாள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன், பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் சண்டை பிடிக்கவில்லை.

"மொதலாளி, அது எங்கையிதானுங்களே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"கையிக்கி மட்டும் ஒங்ககிட்ட வேல குடுத்திருக்கீங்க. நானும் புள்ளயும் எங்கிட்டுப் போறதுங்க?"

ஜெனீரா திரைக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். உள்ளே கூப்பிட்டு, "வச்சிக்குவோமே, அடுப்படியில ஒரு மூலையில கிடக்கட்டும்" என்றாள். வெளியே அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நோட்டீஸில் இருப்பவள் என் வீட்டில் வந்து இருந்தால் பஜார் என்னென்ன பேசும், உமது வீரசிங்கம் என்னென்ன படிப்பார் என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்தில் ரயில் வந்துவிட்டது. கங்காணியின் ஆள் அவளை ஏற்றிவிட்டான். பெட்டிக்குள் போகும்போதும் அந்தக் கை கம்பியைப் பிடிக்க முடியாமல் வழுக்கிற்று. பிள்ளை அவள் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

நான் உம்மிடம் கெஞ்சுகிறேன், எழுதி வைத்துக்கொள்ளும். ரயில் நாளைக்குத்தான் தலைமன்னாருக்குப் போய்ச் சேரும். கப்பல் ஏறுவதற்கு முன் தோட்டத்துப் பெயரில் ஒரு தந்தி போனால் நிறுத்திவிடுவார்கள். என் பெயரில் போனால் யார் மதிப்பார்கள்? துரையிடம் போய், நான் எழுதியது பிழை, பயிற்சி கொடுத்தால் கை வரும் என்று ஒரு வரி சொல்லும். பிள்ளை பார்க்கும் வேலை, நாற்றுமேட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை, ஒரு கைக்கு ஏற்றது எதுவும் இல்லையா? மருந்துப் பெட்டியை உடைக்க வேண்டாம். நான்தான் தோற்றேன் என்று பதுளை முழுக்க நீரே படித்துக் காட்டும். நோட்டீஸையும் கிழித்துவிடுகிறேன், சத்தியமாக.

சீக்கிரம்.

ஸஹாப்தீன்


நரிக்கல் தோட்டம்,
அதே நாள், மாலை

ஸஹாப்தீன் முதலாளிக்கு,

உமது டிரைவர் வாசலில் நிற்கிறான். கைகளைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பெருவிரல் சரியான பக்கம்தான் இருக்கிறது.

தந்தி அடிக்கப் போவதில்லை. என் கடுதாசி பிழை என்று ஒரு முறை சொன்னால், பிறகு நான் எழுதுவது எதைத்தான் துரை நம்புவார்? அவளுடைய காம்பராவுக்கு நேற்றே வேறு குடும்பம் வந்துவிட்டது. புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு கை.

நோட்டீஸைக் கிழிக்க வேண்டாம், வீண் செலவு. மறுபதிப்பில் குதிரையின் பின்காலைத் திருத்தும். துரைசாணியின் கழுத்தைக் குறையும். அந்தக் கொழுந்துக்காரியின் கையையும் மறக்காமல் மாற்றிவிடும். அப்படியொரு கை இப்போது இந்தத் தோட்டத்தில் யாருக்கும் இல்லை. ஆகவே நான் முதல் கடிதத்தில் எழுதியதே சரி.

ப. சண்முகராஜா, டிஸ்பென்சர்